சார்ஜில் போட்ட போன்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மோகனா எழுதுகிறேன். நானும் நம் நிஷாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். வீட்டில்தான் எல்லாம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் வருமே என்று சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. காலையிலிருந்து வோல்டேஜ் ரொம்பக் கம்மி, போனில் சார்ஜ் ஏறவேயில்லை. நீங்கள் கூப்பிடும் பதினோரு மணிக்குள் ஏற வேண்டுமே என்று, நீங்கள் செய்வதுபோல நானே மீட்டர் பக்கத்து சுவிட்சைத் திருப்பி வேறு ஃபேஸுக்கு மாற்றினேன். கம்பத்தில் நியூட்ரல் ஒயர் அறுந்து கிடந்தது எனக்கு எப்படித் தெரியும்? அதனால் கரண்ட் இரண்டு மடங்காக வீட்டுக்குள் பாய்ந்துவிட்டதாம். ஃபேன் பேய் பிடித்த மாதிரி சுற்றியது. டப்பென்று ஒரு சத்தம், வீடெல்லாம் கருகிய நாற்றம். ஃபிரிட்ஜ், டிவி, சார்ஜில் இருந்த போன் எல்லாம் போச்சு. எப்போதும் நீங்கள் திட்டும் அந்த ஓட்டை மிக்சி மட்டும் பரண்மேல் இருந்ததால் பிழைத்துக்கொண்டது.

ஃபிரிட்ஜ் கிடக்கட்டும். போனோடு சிம்மும் உருகிவிட்டது. ஜெயிலில் நீங்கள் பதிந்து கொடுத்த நம்பர் அது ஒன்றுதான். பஜாரில் போய்க் கேட்டேன். சிம் உங்கள் பெயரில் இருக்கிறதாம், நீங்களே வந்து விரல் வைத்தால்தான் அதே நம்பர் கிடைக்குமாம். வெளியூரில் இருக்கிறார் என்றேன். எப்போது வருவார் என்று கடைக்காரர் கேட்டார். கருகிய போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் அக்கா தன் நம்பரைக் கொடுத்திருக்கிறார், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதைப் பதியச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாற்ற நாளாகும் என்கிறார்கள். கோயம்புத்தூருக்கே வந்து பார்க்கலாமென்றால், ஷூ கம்பெனியில் ஷிப்மெண்ட் முடியும்வரை லீவு கிடையாது.

போன வாரம் நீங்கள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வேன் ஆக்சிடெண்ட் கேசில் உள்ளே போனவனுக்காக இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்காதே என்றீர்கள். “நிஷாவக் கூட்டிக்கினு உங்கம்மா வூட்டுக்குப் போய்டு. போறதா இருந்தா அடுத்த வாரம் போனை எடுக்காத, நான் புரிஞ்சிக்கிறேன்” என்றீர்கள். அழுகையில் எனக்குப் பேச்சே வரவில்லை. இந்த வாரம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பதினோரு மணிக்குக் கருகிய போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்களோ?

நான் எங்கும் போகவில்லை. கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
மோகனா

ஜெயிலில் இந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு: வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பெயர் இன்பராஜ். கொடுக்க முடியாவிட்டால், போனை நான் அணைக்கவில்லை என்று மட்டுமாவது சொல்லிவிடுங்கள் ஐயா.