வேலிக்கு அப்பால் ஏழு பெட்டிகள்

1992 ஜூன் 9, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். மூடுபனியில் சர்ச் கோபுரம் தெரியவில்லை. மூன்று பேட்டரி சார்ஜில், எல்லாம் கரண்ட் இல்லாத வாழவந்தி ஊர் டி.வி.க்காரர்களுடையவை. வேதியியல் படித்தவனுக்கு இந்த மலை கொடுத்த உத்தியோகம்.

சர்ச் எமர்ஜென்சி விளக்குக்கு எந்த பேட்டரி நல்லது, எது மண்ணைக் கெடுக்காது என்று எழுதித் தரும்படி ஃபாதர் கேட்டார். வாத்தியார் வேலை கேட்டு நடந்தபோது என் படிப்பு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஜூன் 10
எழுதியது:
ஈய பேட்டரி – கனம். அமிலம் சிந்தும். காலியாகவே விட்டால் கெட்டுவிடும். ஈயம் நரம்பைத் தாக்கும், கருவிலிருக்கும் குழந்தையையும். ஆனால் பழசைச் சேலத்தில் வாங்கி உருக்குகிறார்கள். (உருக்குகிறவன் கதி வேறு.)
நி.கா. (நிக்கல்-காட்மியம்) – சின்னது. காலியாகக் கிடந்தாலும் பிழைக்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். செத்த பிறகு திருப்பி வாங்க ஆளில்லை, குப்பைதான்.
முடிவு: ஈயம். திரும்பிப் போக ஒரு வழியாவது இருக்கிறது.

'கருவிலிருக்கும் குழந்தை' என்று எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. வேலிக்கு அப்பால் தம்பி வீடு. அவன் மகள் ஸ்டெல்லா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவர்கள் கொல்லையில் ஏழு கறுப்புப் பெட்டிகள், அவற்றில் நிறைய புதினா. பழைய பேட்டரிக் கூடுகள். கழுவாதவை. சொத்துப் பாகம் பிரித்த வருடம் ஆத்திரத்தில் நான் வேலிக்கு மேலே வீசியவை.

ஜூன் 11
வெயில். பக்கத்தில் அம்மிச் சத்தம். ஸ்டெல்லா: "புதினாத் தொவையல் இல்லாட்டி சோறே எறங்க மாட்டேங்குதும்மா."
அவர்களோடு பேசி ஒன்பது வருடம். வேலிவரை போய்த் திரும்பினேன்.

ஜூன் 12
போனேன். தம்பி மனைவி லூர்து வாசலில். அந்தப் பெட்டியில் ஈயம் ஊறியிருக்கிறது, விஷம், புதினாவைப் பிடுங்கிப் போடு என்றேன்.
"ஏனுங்க மாமா, ஒம்பது வருசமாத் தின்னுட்டு நல்லாத்தானுங்க இருக்கறோம். எங்க ஊட்டுல எது பச்சையா இருந்தாலும் உங்களுக்கு ஆவாதுங்களே."
உள்ளேயிருந்து தம்பி: "பெட்டி வேணுமாட்ட இருக்குது. அதுக்குத்தான் நொம்பப் படிச்ச பேச்சு."
மறுக்க வாயெடுத்தேன். ஆனால் என்னைப் பற்றி அவர்கள் நம்பக்கூடியது அந்தப் பேராசை ஒன்றுதான்.
"ஆமா, என் பெட்டிதான். மண்ணோட, செடியோட வேணும்."
ஸ்டெல்லா ஜன்னலில். "இதுக்கா வந்தீங்க பெரியப்பா?"
வீட்டுக்குத் திரும்பினேன்.

மத்தியானம் ஒவ்வொன்றாக வேலிக்கு மேலே வந்து விழுந்தன. நின்று எண்ணினேன். ஆறு.
ஏழாவதுக்கு நாளைக்கும் போய்ச் சண்டை போட வேண்டும்.