இரண்டு கேமராவுக்கு முன்னால் நீ நின்ற மத்தியானம்

போன வாரம் உன் டேப் கேமராவைப் பையிலிருந்து எடுத்தேன். கண் வைத்துப் பார்க்கும் இடத்து ரப்பர் இளகிப்போய் என் புருவத்தில் ஒட்டிக்கொண்டது. செத்த பிறகும் பிடித்த பிடியை விடாத ஆள் என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் புருவத்தைக்கூடத் துடைக்காமல் கேசட்டைத் தேடினேன்.

நம் சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். தண்டையார்பேட்டையில் ஒரே கடையில் உட்கார்ந்து இருவரும் கல்யாண வீடியோ எடுத்தோம். எச்டி வந்ததும் நான் மெமரி கார்டு கேமரா வாங்கினேன். நீ சின்ன கேசட் போடுகிற கேமரா வாங்கினாய். உன்னுடையதும் எச்டிதான். என்னுடையது ஃபுல் எச்டி என்று ராயபுரம் வரை தம்பட்டம் அடித்தேன். கார்டு படத்தை நசுக்கி நசுக்கி வைக்கிறது, கூட்டம் ஆடினால் கட்டம் கட்டமாக உடைகிறது என்பாய். டேப்பில் ஒரு தூசி விழுந்தால் மாப்பிள்ளை தாலியும் கையுமாக அரை நொடி உறைந்து நிற்கிறானே, அது மட்டும் என்ன லட்சணம் என்பேன் நான். "நீ கார்ட அழிச்சிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்டுவ. டேப்பு அப்டியே கெடக்கும் மாமு" என்பாய். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று திருவொற்றியூர் கடற்கரைக்குப் போனோம். எந்தக் கேமராவும் திணறுவது அலையிடம்தான். பொடிக்கோடு போட்ட சட்டையில் நீ கருங்கல் மேல் ஏறி நின்றாய். சத்தத்தையும் சேர்த்துப் பார் என்று சட்டையில் ஒரு மைக்கைச் செருகி, நீள வயரை உன் கேமராவோடு இணைத்தாய். உச்சி வெயில். நான் இரண்டு ஸ்டாண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். நீ ஏதோ முனகினாய். நீ முனகாத நாள் எது?

கடைக்கு வந்து இரண்டு படத்தையும் ஓடவிட்டோம். சத்தம் இருந்தால் கவனம் சிதறும் என்று நான் அதை அமுக்கிவிட்டேன். உன் முகத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். என் படத்தில் வேர்வை முத்து முத்தாகத் தெரிகிறது, உன் டேப்பில் வெறும் பளபளப்புதான் என்று குதித்தேன். "நீதான் ஜெயிச்ச மாமு, போதுமா" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாய். பத்து நாளில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்ட ஆட்டோவிலேயே உன் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த பிறகு என் கேமராப் படத்தைத் திரும்பப் போட்டேன். உன் உதடு வெளுத்திருந்தது. அந்த வேர்வை வெயிலுக்கு வந்த வேர்வை இல்லை. பாவி, அதே முகத்தை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். புள்ளியைப் பார்த்தேன், விளிம்பைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை.

இப்போது உன் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துத் திரையில் அப்பாவைக் காட்ட வேண்டும் என்கிறாள். ஊரையெல்லாம் எடுத்தவன் நீ, எதிலும் நீ இல்லை. உன் வீட்டம்மா கடைக்கு வந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்து யோசித்து உன் கேமராவோடு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அதில் படம் கொஞ்சம் மங்கல். உதட்டு வெளுப்பு தெரியாது. உன் கேமராதான் நல்லது என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டேன், அதுவும் ஒன்றை மறைப்பதற்காக.

கேமரா வயரை உன் வீட்டு டிவியில் செருகி டேப்பை ஓடவிட்டேன். அலைக்கு முன்னால் நீ நின்றாய். உன் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் சத்தம் வந்தது. காதோரம் பேசுகிற மாதிரி உன் குரல்.

"மார அடைக்கிது மாமு. வா, போலாம்."

தூரத்திலிருந்து என் குரல். "ரெண்டு நிமிசம் நில்லுடா. வெயிலு சோக்கா கீது."

சத்தியமாக அது எனக்கு நினைவில்லை. சொன்னவன் நான்தான். அவள் திரும்பி என்னைக் கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீ என்ன சொன்னாய் என்பது அவள் காதில் விழுந்ததோ, வெறும் குரல்தான் விழுந்ததோ, தெரியாது.

"அவுரு கொரலக் கேட்டு எத்தினி வருசம் ஆவுது" என்றாள். "இன்னொரு தபா போடுங்கண்ணா."

மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த ஒரு வாரமாக எதிரே நிற்பவர் யாராவது போதும் என்றால் அந்த இடத்திலேயே கேமராவை இறக்கிவிடுகிறேன். அதனால் உனக்கு என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு அவள் கேட்கக் கேட்க நான்கு தடவை போட்டேன். நான்கு தடவையும் நான் நில் என்றேன். நீயும் நின்றாய்.