ஹெட்டைக் கழற்றிய கார்

தம்பி,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

அப்பாவின் காரில் பழுதாகியிருப்பது ஹெட் கேஸ்கெட்தான், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடு. எஞ்சின் ஆயில் பால் காபி மாதிரி இருந்தது, தண்ணீர் கலந்துவிட்டது. நேற்றே ஹெட்டைக் கழற்றிவிட்டேன். வளைந்திருக்கிறது. லேத்தில் கொடுத்துச் சமமாக்கி, புது கேஸ்கெட்டோடு வருகிறேன்.

"செத்தவர் காருக்கு எதுக்குக்கா உயிர் குடுக்கறே?" என்று நீ கத்தியதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காலையில் ஷெட்டைத் திறந்தால், தண்ணீரே இல்லாத ரேடியேட்டர் கை வைக்க முடியாமல் கொதித்தது. பாட்டரி வீட்டுக்குள் கிடக்கிறது. எஞ்சின் ஓட வழியே இல்லை. டிரைவர் சீட்டும் அப்பா கால் நீட்டும் அளவுக்குப் பின்னால் போயிருந்தது. சீட்டை நீ தள்ளியிருந்தால் சொல்லிவிடு, திட்டமாட்டேன்.

ஷெட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறேன்.

அக்கா

பி.கு. இதை எழுதும்போதே ஷெட்டுக்குள் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நீயோ உள்ளே குறட்டை விடுகிறாய். பூட்டை இழுத்துப் பார்த்தேன், பூட்டியபடியே இருக்கிறது. நான் வரும்வரை அந்தப் பக்கம் போகாதே. அப்பா குரலில் கூப்பிட்டால் வீட்டுக்குள் இருந்தே பதில் சொல்: "அக்கா சாமான் வாங்கப் போயிருக்கா, கொஞ்சம் பொறுங்கப்பா."