வாசிக்காமல் போட்ட கையெழுத்து

மார்ச் 4, 2013. பிஸ்மார்க்

இன்னும் பனி கொட்டுகிறது. வாஷிங்டனிலிருந்து அறுபது பக்கப் படிவம் வந்திருக்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி பதவிக்கு என் பெயர் போகிறதாம்! என் தீர்ப்புகளில் மேலே மாற்றப்பட்டவை எத்தனை என்று கேட்கிறார்கள். இருபது வருடத்தில் பதினொன்றுதான். பெருமையாகத்தான் இருக்கிறது, யாரிடம் மறைக்கப்போகிறேன்?

சிறையிலிருந்து டுவேன் ஷாட்ஸின் கடிதம். இது நான்காவது. முதல் மூன்றையும் முத்திரை குத்திக் கோப்பில் போடச் சொல்லிவிட்டேன். கைதிக்கு நீதிபதி பதில் எழுதும் வழக்கமில்லை. "ரெண்டு தண்டனையும் சேர்ந்தே ஓடும்னுதான் அன்னைக்கு சொன்னீங்க, ஜட்ஜம்மா. காகிதத்துல ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணுன்னு இருக்கு. எட்டு வருஷம்னு எங்கம்மாகிட்ட சொன்னேன். இங்க பதிமூணுங்கிறாங்க."

எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள்.

மார்ச் 5

எல்லாருமா? நான்கு தடவையா?

கோப்பை வரவழைத்தேன். 2006 வழக்கு. போதைப்பொருள் விற்றதற்கு எட்டு வருடம், துப்பாக்கி வைத்திருந்ததற்கு ஐந்து. அவன் மேல்முறையீடு செய்யவில்லை, அதனால் அன்று பேசியதை யாரும் தட்டச்சு செய்யச் சொல்லவில்லை. சுருக்கெழுத்துத் தாள்கள் மட்டும் பெட்டியில் இருக்கின்றன. அப்போது என் மன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஆர்டிஸ் எழுதியவை. அவள் சுருக்கெழுத்து அவளுக்குத்தான் புரியும். அவளோ ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது.

மார்ச் 7

ஆர்டிஸ் பக்கத்து ஊரான மேண்டனிலிருந்து கேரமல் ரோல் ஒரு தட்டோடு வந்தாள். "என் கிறுக்கல் இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். தாளை விரித்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்து நிறுத்தினாள்.

"சேர்ந்தே ஓடும்னுதான் சொல்லியிருக்கே, மார்லிஸ்."

"காகிதத்துல...?"

"அது ஆபீஸ்ல அடிச்சது. படிக்காம கையெழுத்துப் போட்டது யாரு?"

மன்றத்தில் வாயால் சொன்னதுதான் தண்டனை. காகிதம் அதன் நகல். சட்டம் படிக்க வருகிறவர்களுக்கு நானே சொல்லித்தரும் பாடம். அந்தக் கணக்கில், நன்னடத்தைக்கான கழிவு போக, அவன் ஜனவரியிலேயே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

ரெண்டு மாசம்! என் அவசரத்துக்கு ஒரு மனுஷன் ரெண்டு மாசமா சும்மா உள்ள கிடக்கிறான். நாலு தடவை சொல்லியிருக்கான், நான் காதுலயே போட்டுக்கலை. ஆர்டிஸ் போன பின் அழுதேன்.

மார்ச் 8

என் பெயரைப் பரிந்துரைத்த செனட்டரின் உதவியாளர் கூப்பிட்டார். "சங்கடமா ஏதாவது வெளியே வர்ற மாதிரி இருந்தா, மே மாசம் பேரை அறிவிச்சிருவாங்க, அது தாண்டட்டும் மேடம்." வழக்கைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, பொதுவாகச் சொன்னார். ஆனால் நான் நாட்காட்டியைப் பார்த்தேன். மே வரை எத்தனை வாரம் என்று எண்ணினேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறகு செவ்வாய்க்கிழமைக்கு விசாரணை போட்டேன்.

மார்ச் 12

டுவேன் சிறையிலிருந்து திரையில் தெரிந்தான். முடி கொட்டிவிட்டது. அரசு வழக்கறிஞருக்கு ஆட்சேபம் இல்லை. தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். இன்றே விடுவிக்க உத்தரவிட்டேன்.

"ஒண்ணு கேக்கலாமா, ஜட்ஜம்மா?"

"கேளுங்க."

"எங்கம்மா அங்க மூணாவது வரிசையில இருக்காங்க. நான் எட்டுன்னு பொய் சொன்னேன்னு ஏழு வருஷமா கோவம். நீங்களே சொல்லிருங்களேன்."

நீல மேல்கோட்டில் ஒரு அம்மாள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. "உங்க மகன் பொய் சொல்லலைங்க," என்றேன். அவர் எழுந்து நின்றார், திரையைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார் அவனிடம்.

ஏப்ரல் 26

வேறொருவரின் பெயர் போகிறதாம். உதவியாளர் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 1

கோபம்தான். அலமாரிக் கதவு என்னிடம் அடி வாங்குகிறது.

மே 14

இப்போதெல்லாம் தண்டனை சொன்னதும் யாரையும் எழவிடுவதில்லை. காகிதம் அங்கேயே அடித்து வர வேண்டும். குற்றவாளி முன்னால் சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்து. "மதியச் சாப்பாடு தள்ளிப்போகுது" என்று வழக்கறிஞர்கள் முணுமுணுக்கிறார்கள். போகட்டுமே. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இந்த அறையிலேயே.

ஜூன் 18

டுவேனிடமிருந்து ஐந்தாவது கடிதம். உறையின் மூலையில் கைதி எண் இல்லை. ஹேசன் ஊர்த் தெருப் பெயர். உள்ளே தானியக் கிடங்கில் வேலை, அம்மா வைத்த மாவு உருண்டை சூப், முட்டிவலி. கடைசியில்:

"பதில் வேண்டாம், ஜட்ஜம்மா. இதுல நான் எதுவும் கேக்கலை."

இரண்டு முறை வாசித்தேன். முத்திரை குத்தக் கொடுக்கவில்லை. இந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன்.