சர்ச் ஸ்டாப்புக்கும் ரேஷன் கடை ஸ்டாப்புக்கும் நடுவே

ஏப்ரல் 25

மகள் நந்தனாவுக்கு இன்றோடு ஐந்தாம் வகுப்பு முடிந்தது. லீலாபாய் டீச்சர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஐந்து வருடம் ஒரே வகுப்பறை, ஒரே டீச்சர், ஒரே ஜன்னலோர பெஞ்சு. ஜூனில் ஆறாம் வகுப்பு, திங்கள்நகர் பக்கம் பெரிய பள்ளிக்கூடம். பாடத்துக்கு ஒரு டீச்சர், பீரியடுக்கு ஒரு மணி, மதியம் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். பஸ்ஸில்தான் போகவேண்டும்.

"ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு லீவுலயே எல்லாத்தையும் பழக்கிரணும் சார். பஸ்சு, கேட்டு, சாப்பிடுக எடம், பாத்ரூம், எல்லாம். ஆனா ஒண்ணு. அவ மொத தடவ எப்படிப் பாக்காளோ, அப்படியேதான் பிறகும் வேணும்பா. மொதல்லயே தப்பில்லாமச் செய்யுங்க" என்றார் டீச்சர்.

தலையாட்டினேன். கணக்கு வாத்தியாரிடம் வந்து முதல் வரியில் தப்பு வரக்கூடாது என்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வேறு.

ஏப்ரல் 27

பஸ் பழக்கும் வேலை எனக்குத்தான். மனைவி பிந்து மார்த்தாண்டத்தில் கூட்டுறவு சங்க வேலைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறாள். எனக்கு டியூஷன் சாயங்காலம்தான். காலை முழுக்க சும்மா இருப்பவன் நான்.

சும்மா இருப்பவன் என்று எழுதும்போதே கோபம் வருகிறது. எங்கள் கருங்கல் ஊரில் கணக்கு என்றால் என் டியூஷன்தான். வீட்டிலிருந்து தள்ளி, கடைத்தெருவில் எடுத்திருக்கும் டியூஷன் அறை வாசலில் போர்டு வைத்திருக்கிறேன் — நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளின் படங்கள், வருடவாரியாக. பாதி ஊருக்கு என் முகம் தெரியாது, போர்டைத் தெரியும்.

மே 5

முதல் பயணம். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் சூசை பெயரைக் கூவ, அடுத்த நொடி இவளும் அதே ராகத்தில் கூவினாள். திரும்பும்போது மனப்பாடம். பெட்ரோல் பங்க், சர்ச் ஸ்டாப், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி முக்கு, பள்ளிக்கூடம். சூசைக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறாள். டியூஷனில் நான் ஒரு வாய்ப்பாட்டை இப்படி ஏற்ற மூன்று மாதம் ஆகும்.

வளைவில் பஸ் சாய்ந்தபோது சந்தோஷம் தாங்காமல் இரண்டு கையையும் படபடவென்று உதறினாள். ம்ம்ம் என்று நீளமாக ஒரு சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "கைய கீழ போடு, கைய கீழ போடு" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவளைவிட மற்றவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்டிருக்கும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதை நினைத்து இப்போது வெட்கமாக இருக்கிறது.

மே 7

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

சர்ச் ஸ்டாப்பில் யேசுரத்தினம் அண்ணன் ஏறினார். திங்கள்நகரில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். மகன் டெனிஷ் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படிக்கிறான். எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். நந்தனா அப்போதுதான் கையை உதறி, தலையை ஆட்டி, ஸ்டாப் பெயர்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாரே, இதாரு பிள்ள?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளையாக்கும்" என்றேன்.

அப்படியே வந்துவிட்டது. ஒரு தடுமாற்றம் இல்லை. அதோடாவது விட்டேனா? தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறவர்கள், புதுப் பள்ளிக்கூடத்துக்கு வழி பழக்கிவிடுகிறேன் என்று கதையை நீட்டினேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "சாருக்கு நல்ல மனசு. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

சொந்த மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதற்குப் பாராட்டு வாங்கிய தகப்பன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்க மாட்டாள்.

மே 8

இன்றும் அவர் ஏறினார். இன்றும் நான் திருத்தவில்லை.

மே 13

பழக்கம் நன்றாகப் போகிறது. அதைச் சொல்லியாக வேண்டும். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுகிறார். ஆறாம் வகுப்புக் கட்டிடம், தண்ணீர்க் குழாய், சாப்பிடுகிற வராந்தா, எல்லாவற்றையும் தினமும் ஒரே வரிசையில் சுற்றுகிறோம். மணியை அடித்துக் காட்டச் சொன்னேன். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்தியவள், இன்று காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிந்துவிடம் சொன்னேன். அவள் முகம் அப்படி மலர்ந்து வெகு நாளாயிற்று. "நீங்க இல்லன்னா என்ன செஞ்சிருப்பேன்" என்றாள். சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

பஸ்ஸில் யேசுரத்தினம் அண்ணன் நந்தனாவுக்கு நேந்திரங்காய் வற்றல் பொட்டலம் கொடுத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "ஆனா சாரே, இதுக்க அப்பன் எங்க போயிக் கெடக்கான்? பெத்த பிள்ளய அடுத்தவன் கையில விட்டுட்டு... அவனெல்லாம் ஒரு மனுசனா?" என்றார்.

"அவருக்கு நேரமில்ல" என்றேன்.

எனக்காக நானே பரிந்து பேசினேன்! அந்த வற்றலில் இரண்டு நானும் தின்றேன்.

மே 19

கேட்டிருக்கிறாள்.

பஸ் சர்ச் ஸ்டாப்பில் நின்றது. யேசுரத்தினம் அண்ணன் ஏறி உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நந்தனா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "சர்ச் ஸ்டாப். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக்கும். ரேஷன் கடை."

அதுவும் ஒரு ஸ்டாப் ஆகிவிட்டது அவளுக்கு. சொன்னது அவள் குரலிலும் இல்லை. 'பிள்ளை'யில் அழுத்தி, 'ஆக்கும்' என்பதைக் கொஞ்சம் அலட்சியமாக விட்டு — நான் சொன்னபடியே.

யேசுரத்தினம் அண்ணன் சிரித்தார். "பாத்தியளா, என்ன மணிமணியாட்டு சொல்லுது."

வீட்டுக்கு வந்து கேட்டேன். நான் யாரு மக்களே?

"அப்பா."

பஸ்சுல நான் யாரு?

ஸ்டாப் பெயர்களை முதலிலிருந்து தொடங்கினாள்.

மே 24

வேறு பஸ்ஸில் போனால் அந்த ஆள் வரமாட்டார், அவளும் மறப்பாள் என்று கணக்குப் போட்டேன். அடுத்த பஸ் வேறு நிறம். அவள் ஏறவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாள். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கழுத்தில் நகம் பட்ட இடம் எரிகிறது.

சாயங்காலம் பிந்து கேட்டாள். பஸ் மாறிப்போச்சு, அதான் என்றேன். அதுவும் பொய் இல்லையே. எனக்குத்தான் எவ்வளவு சாமர்த்தியம்.

ஜூன் 2

பள்ளி திறந்தது. காலையில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. இவ்வளவு கூட்டத்தை அவள் அங்கே பார்த்ததில்லை, ஆனாலும் தன் வரிசைப்படி கட்டிடம், குழாய், வராந்தா என்று சுற்றிவிட்டு வகுப்புக்குள் போனாள். மணி அடித்தது. காதைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. கேட்டுக்கு வெளியே நான்தான் கண்ணைத் துடைத்தேன்.

சாயங்காலம் கூப்பிடப் போனேன். வகுப்பு டீச்சர் பிரீனா மிஸ் புதியவர். அட்மிஷனுக்கு பிந்துதான் வந்திருந்தாள், என்னை அவருக்குத் தெரியாது. முதல் வாரம் தாயோ தகப்பனோ வந்தால்தான் பிள்ளையை விடுவார்களாம். நல்ல வழக்கம்தான். மிஸ் குனிந்து நந்தனாவிடம் கேட்டார்:

"இதாரு? உன் அப்பாவா?"

என்னைப் பார்க்கவில்லை அவள். மிஸ்ஸின் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டு, என் குரலில் சொன்னாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையாக்கும்."

மிஸ் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் அப்பாதான் மிஸ், அவ சும்மா சொல்லுகா என்றேன். வார்த்தை குழறியது. திருடன் மாதிரி வியர்த்திருப்பேன். வாட்ச்மேனைக் கேட்டார். "தெனமும் இவருதான் கூட்டிட்டு வந்தாரு மிஸ். யாருன்னு நான் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல" என்றார் அவர். சுற்றிலும் மற்ற பெற்றோர்கள்.

மிஸ் பிந்துவுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"அவரு எனக்க வீட்டுக்காரருதான் மிஸ். நந்தனாக்க அப்பா." பிறகு, "அவ என்னத்துக்கு அப்படிச் சொன்னா?"

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிந்து வீடு வந்து சமையலில் இறங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இப்படியொரு பிள்ளைய பெத்தது எனக்க குத்தம்னு உங்க வீட்டாளுவ சொன்னப்ப, நீங்க எனக்க பக்கம் நின்னிய. அத நெனச்சிக்கிட்டேதான் இத்தன வருசமும் ஓடுனேன்" என்றாள்.

பிறகு மீனைக் கழுவிவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கும் நீங்கதான் கூட்டிட்டுப் போணும். எந்த பஸ்சுல சொன்னியளோ அந்த பஸ்சுலயே, அந்த ஆளு முன்னாலயே மாத்திச் சொல்லணும். வீட்டுல இருந்து நூறு தடவ சொன்னாலும் அவளுக்கு அது வேற."

ஜூன் 3

சொல்லவில்லை.

ஜூன் 4

நந்தனா தன் வரியைச் சொன்னாள். நான் வாய் திறந்தேன். "எனக்க மவளாக்கும்." பஸ் கியர் மாற்றிய சத்தத்தில் அது போயிற்று. யேசுரத்தினம் அண்ணன், "என்ன சாரே?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

என்ன மனுசன்டா நீ? டெனிஷ் டியூஷனை விட்டு நின்றுவிடுவான் என்றா பயம்? அந்தப் போர்டில் இவள் படம் ஒருநாளும் வராது என்பதா? அந்தப் போர்டை யார் வைத்தது?

ஜூன் 6

சொல்லிவிட்டேன்.

சர்ச் ஸ்டாப். அவர் உட்கார்ந்தார். நந்தனா சொல்லி முடித்ததும் நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது.

"இல்ல. எனக்க மவளாக்கும்."

சத்தம் அதிகமாகிவிட்டது. சூசை டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். யேசுரத்தினம் அண்ணன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கும் நெற்றியும் ஒரே அச்சு என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்கும்.

"அப்பம் நான் இத்தன நாளும் ஏசினது சாரத்தானா?"

"ஆமா அண்ணா."

அவர் இறங்கும்போது நந்தனாவின் பக்கம் குனிந்து, "போயிட்டு வா மக்களே" என்றார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூன் 9

அவர் இப்போது பின் சீட்டில் உட்காருகிறார். டெனிஷ் டியூஷனுக்கு வருகிறான். ஏன் வருகிறான் என்று என்னால் கேட்க முடியாது. ஏன் வரக்கூடாது என்றும் தெரியவில்லை.

ஜூன் 27

ஒரு தடவை சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவள் விடவில்லை. தினமும் சர்ச் ஸ்டாப் தாண்டியதும் தன் வரியைச் சொல்கிறாள். நான் என் வரியைச் சொல்கிறேன். அதன் பிறகுதான் ரேஷன் கடை. பஸ்ஸில் தினமும் வருகிற எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது. கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பிந்து இன்னும் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

ஜூலை 18

பிரீனா மிஸ் கூப்பிட்டனுப்பினார். மறுபடி என்ன சொல்லியிருப்பாளோ என்றுதான் போனேன். நல்ல செய்தி. பீரியட் மாறும்போது அடுத்த டீச்சர் பெயரை நந்தனாதான் முன்கூட்டியே அறிவிக்கிறாளாம். வகுப்பே அவளைக் கேட்டுத்தான் புத்தகத்தை எடுக்கிறதாம். வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒரு பிள்ளையும் இருக்கிறதாம். "வீட்டுல நல்லா பழக்கியிருக்கீங்க" என்றார்.

பாராட்டு என்றாலே இப்போது தோளைத் தட்டும் ஒரு கைதான் நினைவுக்கு வருகிறது. பிந்து பழக்கினா மிஸ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7

நல்ல காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. பிந்து லீவு போட்டு, நந்தனாவை பஸ்ஸில் கூட்டிப்போனாள். அந்த பஸ்ஸில் பிந்து போவது இதுதான் முதல் தடவை. அவள் காதால் அந்த வரியைக் கேட்கப்போகிறாளே என்று படுத்துக்கொண்டே பெட்ரோல் பங்க், சர்ச் ஸ்டாப் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிந்து திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"சொன்னாளா?" என்றேன்.

"சொன்னா. சர்ச் ஸ்டாப் கழிஞ்ச ஒடனே. எனக்கு என்ன செய்யன்னு தெரியல்ல. சும்மா இருந்தேன். பஸ்சுல ஒருத்தரும் வாய் தொறக்கல்ல. அந்தப் பெரியவரு பின்னால இருந்து எட்டிப் பாத்தாரு. ரேஷன் கடை வந்தாச்சு, பஸ் நின்னாச்சு. அவ பேரு சொல்லல்ல. நீங்க இருக்கப்பட்ட எடத்தயே பாத்துக்கிட்டு இருந்தா."

"பெறவு?"

"பெறவு அவளே சொன்னா. 'இல்ல. எனக்க மவளாக்கும்'னு. அதுக்குப் பெறவுதான் ரேஷன் கடைன்னு சொன்னா."

பிந்துவின் கண் நிறைந்திருந்தது. என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது இன்றுதான்.

"உங்க சத்தம் மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

"மொதல்ல சொன்னது?" என்று கேட்டேன்.

போர்வையை என் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

"அதுவும் உங்க சத்தந்தான்" என்று சொல்லிவிட்டு, கஞ்சி எடுத்து வர எழுந்து போனாள்.