பூட்டுக்கு வைத்த பெயர்

ரெம்பாவ், 12.3.1997

தவமணிக்கு,

உன் கால்வீக்கம் வடிந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று தோட்டத்து ஆபீசுக்குப் போலீஸ் அதிகாரி வந்தார். களைமருந்து அடித்து நோயில் விழுந்த பெண்கள் நம் தொழிற்சங்கத்திடம் சொன்னதைக் கம்ப்யூட்டரில் பூட்டி வைத்திருக்கிறேனே, அதைத் திறக்கச் சொன்னார்.

"பூட்டு செஞ்ச கம்பெனிகிட்ட சாவி இருக்கும்லா!"

"கம்பெனியே இல்ல சார். எல்லாருக்கும் சும்மா கொடுக்கிற புரோகிராம். செஞ்சவனாலயும் திறக்க முடியாது."

சிரித்துக்கொண்டே, சாவிச்சொல் அதுவாக இருக்குமோ என்று உன் பெயரைத் தட்டிப் பார்த்தார்; திறக்கவில்லை. பிறகு அது இருந்த டிஸ்கெட்டை எடுத்துப் போய்விட்டார். பயப்படாதே.

தபாலை நம்பாமல் லோரிக்கார மணியத்திடம் இதைக் கொடுக்கிறேன். அவரிடமே கொஞ்சம் ஊறுகாய் அனுப்பு. தனியாகச் சோறு இறங்கவில்லை. படித்ததும் கிழித்துவிடு.

பிறக்கப்போகும் நம் பிள்ளைக்கென்று நாம் இருவர் மட்டும் பேசிவைத்த பெயர்தான் சாவி. பிறப்புப் பத்திரத்தில் அது ஏறக்கூடாது. வேறு பெயர் பார், தவமணி.

லோரி கிளம்புகிறது.

வீரையா