இதோ, இந்தக் குழாய்

பதிவு 1 | செவ்வாய், கிழக்குச் சரிவு முகாம் | 06:10

இது எந்த வருடம் என்று எண்ணில் சொல்ல எனக்குத் தெரியாது. பூமியில் தூத்துக்குடி உப்பளங்களைக் கடல் முழுதாக எடுத்துக்கொண்ட வருடம். இங்கே பாறை சரிந்து, பூமியோடு பேசுகிற பெரிய ஆன்டெனாத் தட்டை நசுக்கிப் போட்ட வருடம். அந்தச் சரிவில் போனவர்கள் போக மிச்சம் நாலு பேர்.

நான் முகாமுக்குத் தண்ணீர் வடிக்கிறவன். எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் பெட்டி திருத்தமாக எழுதிக்கொள்ளும். ஸ்பீக்கரில் மற்றவர்கள் பேசுவதை மட்டும் பேசினபடியே பிடித்துவைக்கும். அடுத்த கப்பலில் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறது. மூச்சுக்குக் காற்று தருகிற மெஷின் இரண்டில் முதலாவது ஓடுகிறது, இருமிக்கொண்டு. இரண்டாவதை இன்ஜினியர் பொற்கொடி தன் கைப்பட மாற்றிப் பூட்டியிருக்கிறாள். அதை எழுப்பும் முறை அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நெஞ்சில் தூசி இறங்கிய பிறகு, அதையெல்லாம் கம்ப்யூட்டரில் பாடமாகச் செய்துகொண்டிருக்கிறாள். படம் வரும், அவள் குரல் வரும், நடுநடுவே கேள்வி வரும். சரியாகச் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

நாளைக்கு சரஸ்வதி பூசை. சுண்டலுக்குக் கடலை ஊறப் போட்டாயிற்று.

பதிவு 2 | 19:30

பூசை நல்லபடியாக முடிந்தது. ஸ்பானர், வெல்டிங் கண்ணாடி, தண்ணீர் சோதிக்கிற குழல் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தோம். பொற்கொடி ஆஸ்பத்திரி அறையில் மருந்து மயக்கத்தில் தூங்குகிறாள். பாடம் செய்த கம்ப்யூட்டர்தான் இங்கே இருப்பதிலேயே பெரிய ஏடு, அதை வைக்காமல் என்ன பூசை என்று ஃபிட்டர் சேர்மக்கனி அதன் வயரைப் பிடுங்கித் தூக்கிவந்து நடுவில் வைத்தான். கம்ப்யூட்டர் பார்க்கிற தங்கமாரி சந்தனம் தடவினாள். நான் குங்குமம் வைத்தேன். பூசையில் வைத்ததை விடியும் வரை யாரும் தொடக் கூடாது. தொடவில்லை.

சுண்டலில் உப்பு சற்றுக் கூடிவிட்டது.

பதிவு 3 | 05:50

ஆஸ்பத்திரி அறையிலிருந்து ஸ்பீக்கரில் வந்தது.

"மாரி, நேத்து நான் படுக்கும்போது சேவ் ஓடிட்டு இருந்துச்சு. பெரிய ஃபைலு, ராத்திரி பூரா எடுக்கும். முடிஞ்சிருக்கும்லா?"

"முடிஞ்சிட்டுக்கா. நீ தூங்கு."

தங்கமாரி என் பக்கத்தில் நின்றுதான் அந்தப் பதிலைச் சொன்னாள். சந்தனம் காய்ந்த கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொற்கொடி அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் தூங்கினவள்தான், பிறகு எழுந்திருக்கவேயில்லை.

பதிவு 4 | 16:20

கோப்பு திறக்கவில்லை. பழுது என்கிறது. தானாகவே ஒரு நகல் எடுத்துவைக்குமாம், பாடம் செய்கிற மென்பொருள். அந்த நகலின் மேல்தான் புதியதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது, வயரைப் பிடுங்கின நேரத்தில். இரண்டும் போயிற்று.

தங்கமாரி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: கோப்பு என்பது ஒரு மூட்டை. உள்ளே படம், குரல், கேள்வி எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். எது எங்கே என்கிற குறிப்பை மூட்டையின் கடைசியில்தான் எழுதும். அந்தக் குறிப்பை எழுதுவதற்குள் வயர் போய்விட்டது. மூட்டையைக் கிழித்து, அகப்பட்டதை வேறு புதுப் பாடத்துக்குள் ஒவ்வொன்றாக எடுத்துவைக்கப் பார்க்கிறாள்.

சேர்மக்கனி மெஷின் கூடத்திலிருந்து பேசினான்.

"ஏ மாரி, மூட்டைய அவுத்தியா? இல்ல முடிச்சத் தடவிட்டே இருக்கியா?"

"நீ புடுங்குன வயருதானண்ணே இது. வாயப் பொத்திட்டு இரு."

"சந்தனம் வச்சது நீதானட்டி."



பதிவு 5 | 11:05

முதல் பக்கம் முழுசாக வந்துவிட்டது! பூப்போட்ட படம், பொற்கொடி குரல்: "வணக்கம். படிக்க வந்திருக்கிறவங்க பேரு என்ன? பேரச் சொன்னாத்தான் பாடம் தொடங்கும்." தங்கமாரி தன் பெயரைச் சொன்னாள். "வாங்க தங்கமாரி" என்று எழுத்து வந்ததாம். அழுகையும் சிரிப்புமாக வாசித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு குரல்கள் எல்லாம் வந்துவிட்டன. படம் ஒன்றுகூட வரவில்லை. வெறும் சாம்பல் கட்டம். அதன் மேல் அவள் குரல்:

"இதோ, இந்தக் குழாயப் பாருங்க. மொதல்ல இத மூடணும். அப்புறம் இதுக்கு எதிர்ல இருக்கிறத, பாதி. இங்க தெரியுதுல்ல, அந்த அளவுக்கு. மாத்திச் செஞ்சிராதீங்க, வெடிச்சிரும்."

இரண்டாவது மெஷினின் உடம்பெல்லாம் குழாய்கள் சடைசடையாகத் தொங்குகின்றன. எல்லாம் ஒரே வெள்ளை.

கேள்விப் பக்கமும் வந்தது. அ, ஆ, இ என்று மூன்று சாம்பல் கட்டம். சரியான விடை ஆ.

"விடை இருக்கு மாமா," என்றாள் தங்கமாரி ஸ்பீக்கரில். "கேள்விதான் இல்ல."

பதிவு 6 | 14:40

அவள் பாடம் பேசிப் பதிந்தபோது கஞ்சி கொண்டுபோனவன் நான். என்னால் எதையும் மறக்க முடியாது. பச்சைத் துண்டைத் தோளில் போட்டிருந்தாள். "எதிர்ல" என்ற இடத்தில் இருமல் வந்து நிறுத்தினாள், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கஞ்சியில் இரண்டு வாய் குடித்தாள். விரல் திரையில் எதையோ தொட்டுத் தொட்டுப் போனது. திரை அவள் பக்கம் இருந்தது. எனக்குத் தெரிந்தது அவள் முகம்.

அந்த முகத்தை இப்போது கேட்டாலும் சொல்வேன். அதை வைத்து எந்தக் குழாயைத் திருப்புவது?

பதிவு 7 | 17:15

முதல் மெஷின் நின்றுவிட்டது. சேர்மக்கனி எத்தனையோ பாகம் மாற்றிப் பார்த்தான். இனி முகாமுக்குள் இருக்கிற காற்றுதான். யோசித்துக்கொண்டிருந்தால் அதுவும் தீரும் என்று அவன் இரண்டாவது மெஷினிடம் போனான். தங்கமாரி கூடத்து வாசலில். நான் நடுக் கதவுக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டரோடு, ஸ்பீக்கரில் பாடத்தைப் போட்டுப் போட்டுக் காட்ட.

"நடுவுல நாலு குழாய் கெடக்கு அண்ணாச்சி. 'இது'ன்னா எது?"

பாடத்தை மறுபடி போட்டேன். இதோ, இந்தக் குழாயப் பாருங்க.

"கையக் காட்டிச் சொல்லுக்கா," என்றான் அந்தக் குரலிடம். பிறகு சிரித்தான். "சரி. சாமிய நெனச்சிட்டுத் திருப்புதேன்."

தரை அதிர்ந்தது.

"எந்திச்சிட்டு! ஏ மாரி, மூச்சு விடுது பாரு! அண்ணாச்சி, அடுத்ததப் போடும்!"

போட்டேன். இதுக்கு எதிர்ல இருக்கிறத, பாதி.

"எதிர்லன்னா... முன்னால நின்னு பாத்தா ஒண்ணு, பின்னால நின்னா இன்னொண்ணு. அக்கா எங்க நின்னு படம் புடிச்சா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"செரி வே. முன்னாலதான் நிப்பா. மனுசன்னா முன்னாலதான் நிப்பான்."

பதிவு 8 | 17:32

வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காலில் தெரிந்தது. தங்கமாரி அவனை இழுக்க உள்ளே ஓடிவிட்டாள்.

"மாமா, நடுக் கதவச் சாத்து. இங்க சுவரு பிளந்துட்டு."

வெளியே வா என்றேன்.

"வர முடியாது. கனியண்ணன் கால் மாட்டிட்டு... அவன் பேச மாட்டேங்கான். சாத்து மாமா. யோசிக்காத."

சாத்தினேன். கை என்னுடையதுதான்.

"பாடத்தப் போடு. அக்கா சத்தம் கேக்கட்டும்."

போட்டேன். பாடம் முடியும்வரை ஓடவிட்டேன். முடிந்ததும் மாரி என்று கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன்.

பதிவு 9 | நேரம் பதிவாகவில்லை

தலை வலிக்கிறது. காற்று புழுங்கின துணி மாதிரி.

கதவில் கை வைத்துப் பார்த்தேன். பனிக்கட்டியாகக் குளிர்கிறது. அந்தப் பக்கம் ஒன்றும்...

கப்பலில் வருகிறவர்களே, குரல் எல்லாம் தங்கமாரி செய்த புதுப் பாடத்தில் இருக்கிறது. பொற்கொடி முன்னால் நின்று படம் பிடிக்கவில்லை. பின்னால் நின்றிருக்கிறாள். அது மட்டும் தெரிந்துபோயிற்று. சேர்மக்கனி கண்டுபிடித்தது. அவன் பெயரையும் அந்தப் பாடத்தில் போடுங்கள்.

கம்ப்யூட்டர் தானாக முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. பூப்போட்ட படம். சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"வணக்கம். படிக்க வந்திருக்கிறவங்க பேரு என்ன? பேரச் சொன்னாத்தான் பாடம் தொடங்கும்."

கேட்டுக்கொண்டே இருக்கிறது. சொல்கிற வரைக்கும் கேட்கும். சொல்வதற்கு இனி வேறு ஆள் இல்லை.

பேச்சிமுத்து.